கிட்கிக் கதவுக்குக் கட்டிய மணி

உங்கள் வீட்டுக்கு எத்தனை வாசல் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் சொல்லிவிடுவீர்களா?

ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த அப்துல் ஹமீத் யோசிக்காமல்தான் சொன்னார்.

"ரெண்டு, முதலியாரே. தெருவாசல் ஒண்ணு, கொல்லைவாசல் ஒண்ணு."

கேட்டவர் ராமலிங்க முதலியார். மதராஸில் ஒரு வெள்ளைக்கார இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஏஜெண்டு. ரயிலில் வந்த அலுப்பு முகத்தில் தெரிந்தாலும், கோட்டுப் பொத்தானைக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோல் மண்டிக்காரர் வீட்டுக் காபி என்பதாலோ என்னவோ, டம்ளரை மூக்குக்குக் கீழே வைத்து ஒரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் குடித்தார்.

கூடத்துக்கும் உள்கட்டுக்கும் நடுவே தொங்கிய திரைக்குப் பின்னால் அன்வரி பேகம் நின்றிருந்தாள். அப்துல் ஹமீதின் மனைவி. புருஷன் வாயிலிருந்து "ரெண்டு" என்று வந்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் தெருவாசலை மிதித்தது கைவிரலுக்குள் அடங்கும். அவளுடைய வாசல் மூன்றாவது வாசல். அது அவர் கணக்கில் இல்லவே இல்லை.

அந்தத் தெருவில் முஸ்லிம் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில், உள்முற்றத்துப் பக்கம், குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு இருக்கும். அதற்குக் கிட்கி என்று பெயர். பெண்களுக்காக வைத்த கதவு. தெருவில் கால் வைக்காமல், அந்நிய ஆண் கண்ணில் படாமல், பள்ளிவாசல் பக்கத்து முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை ஒரு பெண் போய் வந்துவிடலாம். ஆண்கள் அதில் நுழைய மாட்டார்கள். இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் கிடையாது. தாழ்ப்பாள் வைத்தால் பக்கத்து வீட்டை அவமானம் செய்ததாக அர்த்தம். அரைத்த மசாலா, அழுகிற குழந்தை, மருமகள் மேல் கோள் எல்லாமே அந்த வழியாகத்தான் போகும், வரும்.

முதலியார் வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார். பெண்கள் சமையலறைக்குள் ஒதுங்கினார்கள். குடை நுனியால் தரையைத் தட்டிக்கொண்டே முற்றத்துக்கு வந்தவர், கிட்கிக் கதவருகில் நின்றார்.

"இது இன்னா சாயபு?"

"அது வாசல் இல்ல முதலியாரே. பொம்பளைங்க போய்வர்றது."

"பொம்பளைங்க போனா வாசல் இல்லியா? திருடன் கொஞ்சம் குனிஞ்சா உள்ள வந்துடுவானே." முதலியார் குடையால் கதவைத் தள்ளினார். அது சத்தமே இல்லாமல் திறந்தது. பக்கத்து வீட்டு முற்றத்தில் காயப்போட்டிருந்த துணி தெரிந்தது. அவசரமாக இழுத்து மூடினார். "தாழ்ப்பாளும் இல்ல. அந்த வீட்டுக்கு அந்தாண்ட வீட்லயும் இப்டித்தானா?"

"கோடி வரைக்கும் இப்டித்தான்."

"அப்ப இந்தத் தெருவுல இருக்கிற எல்லா வாசலும் உங்க வாசல் சாயபு. ரெண்டுன்றீங்களே."

சமையலறை ஜன்னல் வழியாக அன்வரி கேட்டுக்கொண்டிருந்தாள். அது வாசல்தான் என்று ஓர் ஆண் சொல்லி இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள். சொன்னவன் திருடனை வைத்துச் சொன்னான். அடுப்பில் விறகை அவள் தள்ளிய தள்ளில் சாம்பல் பறந்தது. சமையலுக்கு இருந்த ஹலீமா பீ, "பானை இன்னா பண்ணுச்சு பீபீ?" என்றாள்.

அப்துல் ஹமீதுக்கு இந்த இன்ஷூரன்ஸ் ஆசை போன ரம்ஜானில் வந்தது. பேரணாம்பட்டில் அவருடைய தோஸ்த் ஒருவர் வீட்டில் கன்னம் வைத்து நகையெல்லாம் கொண்டுபோய்விட்டார்கள். ஊரே துக்கம் கேட்கப் போனது. போனால் அவர் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மதராஸ் கம்பெனி ஈடு கொடுத்துவிட்டதாம். பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். பார்த்துவிட்டு வந்த அப்துல் ஹமீதுக்கு வயிறு எரிந்தது. நகை போகாமலே தனக்கும் அப்படி ஒரு பத்திரம் வேண்டும். மகள் ரஃபத் ஜஹானுக்கு வாணியம்பாடியில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். சம்பந்தி வீட்டார் கூடத்தில் உட்காரும்போது எதிர்ச் சுவரில் அது தொங்க வேண்டும்.

கூடத்துக்குத் திரும்பி வந்ததும் முதலியார் தோல்பையைத் திறந்தார். கையகலத்துக்கு ஒரு முக்கோணக் கட்டையை எடுத்து வைத்தார்.

"இது சாவி கொடுக்கிற மணி. கதவு கீழ வெச்சுடணும். தள்ளினா உள்ள இருக்கிற மணி அடிக்கும். சீப்பு. ஆனா கம்பெனி இதுக்குப் பிரீமியத்துல ஒண்ணும் கொறைக்காது."

"ஏன்?"

"சாவி கொடுக்க மறந்துட்டா? இன்னொண்ணு கரண்டு மணி. ரெண்டு கண்ணாடி ஜாடி, அதுல நவச்சாரத் தண்ணி. அங்கேருந்து ஒவ்வொரு வாசலுக்கும் கம்பி. கதவு விரல்கட்டை தெறந்தா போதும், கூடத்துல மணி அடிச்சுக்கினே இருக்கும். அதைப் போட்டா பிரீமியத்துல கால் பங்கு கம்மி."

வாசற்படியில் காவல்காரன் கன்னியப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் ஒருத்தன் ராவெல்லாம் முழிச்சுக்கினு இருக்கேனே முதலாளி. அதுக்கு எவ்ளோ கம்மி?"

முதலியார் அவனைத் திரும்பிப் பார்த்தார். "ஆளுக்குக் கம்பெனியில கணக்கு இல்லப்பா. ஆள் தூங்குவான்."

"நான் இருமினா திருடன் ஓடிடுவான் சாமி."

"உன் இருமலைக் கம்பெனிக்குக் காட்ட முடியாதே."

அப்துல் ஹமீத் சிரித்தார். "நாய் வெச்சா?"

"நாய்க்கும் இல்ல. நீங்களும் வளர்க்க மாட்டீங்க."

கரண்டு மணிதான் என்று முடிவாயிற்று. முதலியார் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். உள்ளே வர வழியிருக்கிற எல்லா வாசலுக்கும் மணி இருக்க வேண்டும். தாழ்ப்பாள் இல்லாத வாசலுக்கு இரவு பகல் எந்நேரமும் மணி இருக்க வேண்டும். எழுதிக்கொடுக்கிற பொருளெல்லாம் எழுதிக்கொடுக்கிறவருக்கே சொந்தமாக இருக்க வேண்டும். வீட்டில் குடியிருக்கிறவர்கள் இன்னார் என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வீட்டுக்குள் இருக்கிற ஆள் எடுத்தால் அது திருட்டாகாது, கம்பெனி கொடுக்காது.

"எத்தனை பேரு சாயபு?"

"ஆறு. நானு, சம்சாரம், மூணு பசங்க, சமையலுக்கு ஹலீமா பீ."

"நகையைப் பாத்துடலாமா?"

அப்துல் ஹமீத் உள்ளே வந்தார். அன்வரியின் இரும்புப் பெட்டியைச் சாவி போட்டுத் திறந்து, பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனார். அவள் ஈரக்கையோடு சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் கூடத்துப் பாயில் வெள்ளைத் துணி விரித்தாகிவிட்டது. அவர் பெட்டியைக் கவிழ்த்தார்.

திரை இடுக்கில் அன்வரி பார்த்தாள். அடியில் ஒரு பழைய துணியில் முடிந்து வைத்திருந்தது அவிழ்ந்து கிடந்தது. பச்சைக்கல் அட்டிகை, முத்து ஜிமிக்கி, ஒரு ஜோடி கங்கணம். 

அவை அவளுடையவை இல்லை. பக்கத்து வீட்டு அக்தரி பேகத்துடையவை.

அக்தரி, தோல் வியாபாரி இஷ்தியாக் அகமதின் இரண்டாம் மனைவி. அன்வரி கல்யாணமாகி வந்த அதே வருஷம் அவளும் வந்தாள். முதல் தாரத்து மகன் முனீர் அகமதை ஆறு வயதிலிருந்து வளர்த்தாள். இஷ்தியாக் அகமது இரண்டு மாதத்துக்கு முன்னால் மார்வலியில் இறந்தார். அன்று சாயங்காலமே அக்தரி கிட்கி வழியாக ஒரு துணி முடிச்சை நீட்டினாள். "ஆபா, இது அமானத், உங்கள நம்பிக் குடுக்கறேன். என் அம்மா போட்டது. இங்க இருந்தா இருக்காது." வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்ததும் முனீர் அவளிடம் சாவிக்கொத்தைக் கேட்டான். பெட்டியில் நகை இல்லை என்றதும், எங்கே என்றான். அன்றிலிருந்து இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறான். கேட்கிற விதம்தான் நாளுக்கு நாள் மாறியது. இப்போது சோற்றில் கேட்கிறான். புருஷன் இறந்த விதவை இருக்க வேண்டிய இத்தாவில் அக்தரி இருந்தாள். கெடு முடிகிறவரை வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. முனீரின் மனைவி மஹ்பூபி அவளைக் கொல்லை ஓரத்து அறைக்குத் தள்ளி, எல்லோரும் சாப்பிட்டபின் பானையில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் கொடுத்தாள். அன்வரி இரண்டு வேளையும் கிட்கி வழியாகச் சோறு கொண்டுபோனாள்.

இதெல்லாம் ஆண்களுக்குத் தெரியாது. அமானத் பெண்களுக்குள் இருப்பது. அப்துல் ஹமீதும் முனீரும் மண்டியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள். ஒருவருக்குத் தெரிந்தால் அடுத்த டீக்குள் இன்னொருவருக்குத் தெரியும்.

முதலியார் அட்டிகையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "நல்ல வேலை. பழைய வேலை. யார் செஞ்சது?"

அப்துல் ஹமீத் கண்ணிமைக்கவில்லை. "எங்க அம்மாவுது. வேலூர்ல செஞ்சது."

திரைக்குப் பின்னால் அன்வரி பல்லைக் கடித்தாள். அவள் மாமியாரின் கழுத்தில் கருகமணிக்கு மேல் ஒன்றும் இருந்ததில்லை. இந்த மனிதர் பொய் சொல்கிறோம் என்று நினைத்துக்கூடச் சொல்லவில்லை. அவர் பெட்டியில் இருந்தால் அவருடையது. அழகாக இருந்தால் அவர் அம்மாவுடையது. ஒரு விதவையின் கடைசிப் பிடியை அவர் பெயருக்கு எழுதிக்கொள்கிறார்கள். அன்வரி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் எழுதுகிற பேனா நின்றுவிடும். அந்த வார்த்தை பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அக்தரியின் கதி என்ன? அவள் அந்த வீட்டார் கையில் இருக்கிறாள். அன்வரி திரைத்துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள். அவள் கை விட்டபோது துணி கசங்கி அப்படியே நின்றது.

மறு வாரம் முதலியார் ஒரு ஃபிட்டரோடு வந்தார். கூடத்து அலமாரியில் கண்ணாடி ஜாடிகள் ஏறின. சுவரோரம் கம்பி ஓடியது. தெருவாசலுக்கும் கொல்லைவாசலுக்கும் பகலில் மணியை நிறுத்திவைக்க ஒரு திருகு இருந்தது. கிட்கிக்குத் திருகு இல்லை. அது எந்நேரமும் அடிக்கும்.

அடித்தது.

காலையில் ஹலீமா பீ தயிருக்கு உறை வாங்கப் போனாள், மணி அடித்தது. எதிரில் பக்கத்து வீட்டுக் கோழி தலையை நீட்டியது, மணி அடித்தது. ரஃபத் ஜஹான் தையல் ஊசி கேட்டுப் போனாள், திரும்பி வந்தாள், இரண்டு தடவை அடித்தது. ஒவ்வொரு தடவையும் கூடத்திலிருந்து அப்துல் ஹமீத், "யாரு?" என்றார். ரஃபத் பதில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் பெண்கள் போன வழியை எந்த ஆணும் யாரு என்று கேட்டதில்லை.

மதியம் அன்வரி சோற்றுக் கிண்ணத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள். மணி அடித்தது. அவள் அக்தரியோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தாள். மணி அடித்தது. முற்றத்து ஓரத்தில் அப்துல் ஹமீத் நின்றிருந்தார்.

"எங்க போய்ட்டு வர்ற?"

அன்வரி வெறுங்கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "திருடப் போய்ட்டு வர்றேன்."

"விளையாடாத. காலையிலேருந்து பேஜாராப் போச்சு. கூடத்துல மண்டிக்காரங்க ரெண்டு பேரு ஒக்காந்துனு இருக்காங்க. ஒவ்வொரு தபாவும் அவங்க சிரிக்கறாங்க. இவ்ளோ ஜாஸ்தியாவா போய்வருவீங்க?"

"இன்னிக்குத்தான் கேக்குதா உங்களுக்கு?"

"அந்த வீட்ல உனக்கு இன்னா வேலை?"

"அக்தரிக்குச் சோறு."

"அங்க சோறு இல்லியா?"

"இருக்கு. அவளுக்கு இல்ல."

அப்துல் ஹமீத் குரலைத் தாழ்த்தினார். "அது முனீர் வீட்டு விஷயம். நாம நடுவுல போறது நல்லால்ல." பிறகு சொல்ல வந்ததைச் சொன்னார். "முதலியாரு சொல்லிட்டாரு. தாழ்ப்பாள் இல்லாத கதவு, எந்நேரமும் மணி அடிச்சுக்கினே இருந்தா, நிஜமா திருடன் வர்றப்போ யாரும் எந்திரிக்க மாட்டாங்களாம். கம்பெனி ஒத்துக்காதாம். சுவர் வெச்சு அடைச்சுட்டா சரியாப் போயிடும்ன்றாரு. நாளைக்குக் காலையில கொத்தனார் வர்றான்."

அன்வரி கிட்கிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"என்னக் கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு இன்னா இருக்கு? சுவர்தானே."

"நான் எப்டி அந்தாண்ட போறது?"

"வண்டி கட்டச் சொல்றேன். திரை போட்டு."

"பக்கத்து வீட்டுக்கு வண்டி." அன்வரி அவர் முகத்தையே பார்த்தாள். "நான் ஏறி ஒக்காந்து திரையை இழுத்து விடறதுக்குள்ள மாடு அந்த வீட்டைத் தாண்டிப் போயிருக்கும். தெருவே வேடிக்கை பாக்கும். இல்ல, அந்த வண்டிக்கும் ஒரு மணி கட்டிடுங்களேன்."

"கத்தாத. திரைக்கு அந்தாண்ட ஆள் இருக்கு."

"கேக்கட்டும். திருடன் வர்ற வாசலுக்கு மணி கட்டினீங்க. அடிச்சது இன்னாவோ எனக்குத்தான். ரஃபத்துக்குத்தான். கிழவி ஹலீமாவுக்குத்தான். ஒரு திருடனுக்கு அடிச்சுதா?"

"ரஃபத்துக்காகத்தான் இவ்ளோவும். சம்பந்தி வீட்ல ஒரு மதிப்பு வாணாமா? நகைக்கு ஒரு பந்தோபஸ்து வாணாமா?"

"எந்த நகைக்கு?" அன்வரி நிதானமாகக் கேட்டாள். "பச்சைக்கல் அட்டிகை உங்க அம்மாவுதா?"

"வேற யாருது?"

அவர் நிஜமாகவே கேட்டார். தெரியாமல் கேட்டார். அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமியது கேட்டது. அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய்க்குள் அந்த வார்த்தை நெருப்புத்துண்டு மாதிரி கிடந்தது.

"மூஞ்சைக் கழுவிக்கோ," என்றார் அப்துல் ஹமீத். "முதலியாரு காலையில வந்து, சுவரைப் பாத்துட்டு, கையெழுத்துப் போட்டுட்டுப் போறாரு. ரெண்டு வாசலுக்கு மணி. அவ்ளோதான்." கூடத்துக்குத் திரும்பிப் போனார். அவர் என்ன சொன்னாரோ, மண்டிக்காரர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அன்வரியின் காதிலேயே நின்றது. வெங்காயம் நறுக்கும்போதும் நின்றது. அஸர் தொழுகைக்குக் கை கட்டியபோதும் நின்றது. நாளைக்கு இந்நேரம் செங்கல் இருக்கும். அந்தப் பக்கம் ஒருத்தி பானை சுரண்டிய சோற்றைத் தின்றுகொண்டு, நகை எங்கே, நகை எங்கே என்பதைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள். இந்தப் பக்கம் அவள் நகை சட்டம் போட்ட பத்திரமாகச் சுவரில் தொங்கும். நகையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் இன்றைக்கே முனீரின் கையில் இருக்கும். கொடுக்காமல் வைத்திருந்தால், இரண்டு வருஷம் போனால், தான் திருடியதாகத் தன் மனசுக்கே தோன்றும். அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சுவர் வந்து நின்றது. அது இன்னும் கட்டப்படவே இல்லை.

அந்தி சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அப்துல் ஹமீத் மகன்களோடு பள்ளிவாசலுக்குப் போனார். அந்த வீட்டிலிருந்து முனீரும் போனான். தெருவில் ஆண்களின் செருப்புச் சத்தம் போய் ஓய்ந்தது.

அன்வரி கிட்கியைத் தள்ளினாள். மணி அடித்தது. கேட்க ஆண் யாரும் இல்லை. அவள் கதவை அப்படியே திறந்து போட்டுவிட்டுப் போனாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கொல்லை ஓரத்து அறையில் அக்தரி வெள்ளைத் துணி போர்த்தி, தொழுத பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"எந்திரி," என்றாள் அன்வரி.

"இன்னா ஆபா? அது இன்னா மணி, விடாம அடிக்குது?"

"எனக்காக அடிக்குது. எந்திரி. எங்க வீட்டுக்கு வா."

அக்தரி பயந்து போனாள். "இத்தா ஆபா. வீட்டை விட்டு எப்டி வர்றது? பாவம் இல்லியா?"

"நாளைக்குக் காலையில கிட்கியை அடைச்சுச் சுவர் வெக்கறாங்க."

அக்தரி பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். 

"கேளு," என்றாள் அன்வரி. "நீ வந்த புதுசுல உங்க மாமியார் இந்தக் கதவாண்ட நிக்கவெச்சு இன்னா சொன்னாங்க? இது ஒரே வீடு, உனக்கு ரெண்டு அடுப்புன்னு சொன்னாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். தெருவுல உன் கால் படாது. ஒரு ஆம்பள கண்ணுல நீ பட மாட்ட. ஒரு முற்றத்துலேருந்து இன்னொரு முற்றத்துக்கு வர்ற. அது பாவம்னா, பள்ளிவாசல் ஹஜ்ரத்து என்னைக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன். உயிருக்குப் பயந்து ஒருத்தி எந்திரிச்சா தப்புன்னு எந்தக் கிதாபுல இருக்குன்னு அவரையே கேக்கறேன். நாளைக்குச் சுவர் வரும். சுவருக்கு எந்தப் பக்கம் இருக்கப்போறன்றதை இன்னிக்கு நீதான் சொல்லணும்."

அக்தரி பாயை மடித்தாள். வேறு சாமான் அவளுக்கு இல்லை. ஒரு குர்ஆன், ஒரு தஸ்பீஹ் மணிமாலை, மாற்றுத்துணி ஒன்று.

முற்றத்தில் மஹ்பூபி நின்றிருந்தாள். மணிச் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். இடுப்பில் குழந்தை, கையில் கரண்டி.

"சின்ன மாமி எங்க பொறப்பட்டாங்க? மாமா மௌத்தாயி இன்னும் மண்ணு காயல."

"காஞ்சுடுச்சு," என்றாள் அன்வரி. "உன் பானை மாதிரி."

"எங்க வீட்டு ஆளை நீங்க கூட்டினு போறீங்க. ஊர் இன்னா சொல்லும்?"

"ஊரு இவங்க இன்னா சாப்பிட்டாங்கன்னு கேக்கல. எங்க போனாங்கன்னு மட்டும் கேக்கப் போவுதா?"

மஹ்பூபி வழிமறிக்கவில்லை. ஒரு சாப்பாட்டு வாய் குறைவதில் அவளுக்கு வருத்தம் இல்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "போறது போங்க. நகை எங்க இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க."

அக்தரி நின்றாள். இத்தனை நாளும் தலை குனிந்தே கேட்ட கேள்வி அது. இப்போது தலையை நிமிர்த்தினாள்.

"எங்க அம்மாகிட்ட இருந்து வந்த நகை மஹ்பூபி. நான் எங்க இருக்கேனோ அங்க இருக்கும்."

இரண்டு பேரும் குனிந்து கிட்கிக்குள் நுழைந்தார்கள். அன்வரி பின்னால் கதவைச் சாத்தினாள். மணி நின்றது. அந்த அமைதியில் அக்தரி அழ ஆரம்பித்தாள். அன்வரி அவளைத் தேற்றவில்லை. அவளுக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. ஹலீமா பீயைக் கூப்பிட்டு, "சோறு போடு. தட்டுல. கிண்ணத்துல இல்ல," என்றாள்.

தொழுதுவிட்டு அப்துல் ஹமீத் வந்தபோது, உள்கட்டில் வெளிப்பெண் இருப்பதாக ரஃபத் வந்து சொன்னாள். வழக்கப்படி அவர் திரையைத் தாண்டாமல் கூடத்திலேயே சாப்பிட்டார். யார் வந்திருப்பது என்று கேட்கவில்லை. நாளையோடு இந்தத் தொல்லை முடிகிறது என்ற நிம்மதியில் இருந்தார்.

மறுநாள் காலையில் கொத்தனார் வந்து கிட்கிக் கதவைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தார். அக்தரி பேகம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தாள். முதலியார் வந்து சுவரைப் பார்த்தார், இரண்டு வாசலிலும் மணி அடிக்கிறதா என்று பார்த்தார், பிறகு பேனாவைத் திறந்து வீட்டில் ஆறு பேர்தானே என்று கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து அன்வரி பேகம் ஏழு பேர் என்றாள். ஏழாவது ஆள் யார் என்பதையும், பச்சைக்கல் அட்டிகை, ஜிமிக்கி, கங்கணம் அந்த ஆளுடையவை என்பதையும் சொன்னாள். முதலியார் அப்துல் ஹமீதைப் பார்த்தார். அப்துல் ஹமீத் சுவரைப் பார்த்தார். முதலியார் பேனாவை மூடி, கையெழுத்துப் போடாத பத்திரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பத்து மணி ரயிலுக்குப் போய்விட்டார்.